நான் வெட்டிய தோல்விகள்

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கின் சில்க்போர்க்குக்கு வந்த புதிதில், என் மகள் வீட்டில் ஓயாமல் கதைப்பாள். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கமாட்டாள். டேனிஷ் மொழி விளங்கும், எழுதுவாள், பேசமட்டும் மாட்டாள். வகுப்பில் யாராவது ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசட்டும், அதுவும் முடியாவிட்டால் ஒரு வகுப்புக் கீழே இறக்கவேண்டிவரும் என்றார் ஆசிரியை. ஊரைவிட்டு ஓடிவந்த நடுக்கம் எனக்கே தீரவில்லை. கதவு மணி அடித்தால் குசினிக்குள் போய் அடுப்போரம் ஒளிகிற ஆள் நான். இப்போது இது வேறு.

அவள் நூலகத்தில் எடுத்துவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வழக்கறிஞர் ஒருவரின் வரலாறு. குதிரையில் ஊர் ஊராகப் போய் வழக்காடியவர். அரசியலில் இறங்கி, தேர்தலுக்குத் தேர்தல் தோற்று, ஒருவழியாகச் சட்டசபைக்குள் நுழைந்தவர்.

"தோத்த கதை வேண்டாம்," என்றேன். யாழ்ப்பாணத்தில் பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கிய ஆசிரியை நான். தோல்விகளை வெட்டிவிட்டு, "பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்று தொடங்கவைத்தேன். "நீதி எண்டு வாற இடத்தில மேசையில ஓங்கிக் குத்தவேணும்."

"அம்மா, இஞ்ச ஒருத்தரும் குத்திறேல்லை."

"அப்ப நீதான் முதல் ஆள்."

மார்கழி மாதம். மேசைகளில் மெழுகுதிரிகள். ஆசிரியை ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, கோப்பிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு மேசை விளிம்பில் இருந்தார். அவர் வரச்சொன்னபடியால் நானும் பட்டுச்சேலையோடு கடைசி வரிசையில், சின்னக் கதிரையில் நெருக்கிக்கொண்டு இருந்தேன்.

மகள் தொடங்கினாள். நீதி வந்தது. குத்தினாள். மெழுகுதிரி துள்ளி ஆசிரியையின் கோப்பிக்குள் விழுந்தது. அவளுக்குப் பேச்சு முழுவதும் மறந்துபோயிற்று. கீழ்வகுப்புத்தான் என்று முடிவுகட்டினேன்.

அப்போது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "அவர் ஒருமுறைகூடத் தோற்கவில்லையா?" எனக்கு அந்தளவு டேனிஷ் விளங்கும். மகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு அவள் பேசத் தொடங்கினாள். எனக்குப் பிடிபட்ட சொற்கள் குதிரையும் மனைவியும்தான். வகுப்பே சிரித்தது. சிரித்த ஆசிரியை மறதியில் அந்தக் கோப்பியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இந்த வகுப்பிலேயே இருக்கட்டும்," என்று போகும்போது கைகொடுத்தார். "மேசைதான் பாவம்."

பஸ்ஸில் கேட்டேன்: "என்ன பிள்ளை சொன்னனீ?"

"நீங்க வெட்டினது முழுக்க."