காதுக்குள் ஒரு வரப்பு

ஒசாகாவில் சாலையைக் கடக்கச் சொல்லி விளக்குக் கம்பம் குயில் மாதிரி கூவும். கண் தெரியாதவர்களுக்காக வைத்தது. எந்தப் பக்கம் கூவுகிறது என்று எனக்குத் தெரியாது. சிறுவயதில் சீழ் வடிந்து வலது காது ஜவ்வில் ஓட்டை. கீழ்வேளூரில் வயல் வேலைக்கு ஒரு காது போதும். இங்கே ஓட்டலில் தோசைக்கல் முன் நின்று ஆர்டரை மாற்றி மாற்றிக் கேட்டபோதுதான் பயம் வந்தது. இன்னொரு தடவை தவறினால் வேலை போய்விடும்.

கூட வேலை பார்க்கும் முருகையன் அண்ணனுக்கு ஜப்பான் பாஷை தெரியும். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தார். ஓட்டையின் ஓரத்தைச் சுரண்டிப் புண்ணாக்கப் போவதாக டாக்டரம்மா சொன்னார்.

“அடைக்க வந்தா பெருசாக்குறேங்குறாங்களேண்ணே!”

“முழுசாக் கேளுப்பா. ஒரு காது நல்லாத்தானே இருக்கு?”

சுரண்டிய இடத்தில் பஞ்சு போன்ற ஒன்றை மருந்தில் நனைத்து வைப்பார்களாம். மருந்தின் பேர் குரோத் ஃபேக்டர். புண் ஆறும்போது நம் உடம்பே சுரக்கும் சரக்குதானாம். சதையை ‘வளரு’ என்று ஏவுமாம். பழைய ஓட்டையின் ஓரம் காய்ந்து அடங்கிப்போயிருக்கும், ஏவினாலும் எழாது. அதனால்தான் சுரண்டுவது.

சட்டென்று விளங்கியது. நண்டு வளை போட்ட வரப்பை எத்தனை தடவை அடைத்திருக்கிறேன்! காய்ந்த ஓரத்தை மண்வெட்டியால் வெட்டி, ஈரமண் தெரிந்த பிறகுதான் வைக்கோலைத் திணித்துச் சேறு அப்புவோம். வெட்டாமல் அப்பினால் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போகும். காகிதத்தில் வரைந்து காட்டினேன். “ஒனாஜி! ஒனாஜி!” என்றார் டாக்டரம்மா. அதேதான் என்று அர்த்தம். பிறகு ஏதோ கேட்டார்.

“வைக்கோல எப்ப உருவுவீங்கன்னு கேக்குறாங்கப்பா.”

“உருவ மாட்டோம்ணே. உள்ளேயே மக்கிடும்.”

அந்தப் பஞ்சும் கரைந்துவிடுமாம். எனக்குப் புல்லரித்தது. ஊரில் சேற்றை நாம் அள்ளிப் போடவேண்டும். இங்கே வரப்பே வளர்ந்து வந்து மூடிக்கொள்ளும்! எல்லாருக்குமே முதல் தடவையில் மூடிவிடும் என்று சொல்ல முடியாது என்றும் டாக்டரம்மா சொன்னார்.

பஞ்சு வைத்த பிறகு நாலு வாரம் காதில் தண்ணீர் படவிடவில்லை, மூக்குச் சிந்தவில்லை. பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி விடச் சொன்னாள் ஊரிலிருந்து என் மனைவி செல்வி. விடவில்லை.

நேற்று டாக்டரம்மா திரையில் காட்டினார். ஓட்டை இருந்த இடத்தில் மெல்லிய புது ஜவ்வு. கடைக்கு வந்ததும் செல்வியைக் கூப்பிட்டேன். போனை முதல் தடவையாக வலது காதில் வைத்தேன்.

“ஏன் கத்துறே?”

“கல்யாணமானதுலேர்ந்து இப்படித்தான் கத்துறேன். இப்பதான் ஒறைக்குதா?” சற்று நிறுத்தி, மெதுவாகக் கேட்டாள். “மூடிருச்சாங்க?”

“மூடிருச்சு.”

அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அவளுக்குப் பின்னால் மோட்டார் தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. யாரோ நாற்றுக் கட்டு பத்தவில்லை என்றார்கள். இடது காதில், “மசாலா தோசை ஃபுதாட்சு!” இரண்டு தோசை. போனை வலது தோளில் இடுக்கிக்கொண்டு மாவை ஊற்றினேன்.