அரிசி எண்ணும் கிளாக்கர்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த நோர்பரியில், எங்கள் அயல்வீட்டில் இருந்த யூலாலி திரினிடாட்டில் பிறந்தவர். பகலில் பஸ் டிப்போ கன்ரீனில் சமையல், மாலையில் ஓவியம். அவரைப் பற்றி நல்லதாக எழுத என்னிடம் எதுவுமில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

1991 மாரியில், எங்கள் சுவரில் இருந்த அப்பாவின் புகைப்படத்தை அவர் கண்டார். வெள்ளைக் கோட்டு, கக்கத்தில் குடை. அப்பா மலாயாவில் ரப்பர்த் தோட்டக் கிளாக்கர். கணக்கெழுதி, கூலிகளுக்கு அரிசி அளந்தவர். ஒரு அரிசி மணி கூடுதலாகப் போகவிடமாட்டார் என்று வெள்ளைக்காரத் துரையே மெச்சியவர். இதைப் பெருமையோடு சொன்னேன். அப்பாவை வரையப்போவதாக யூலாலி கூறியதும் படத்தை இரவல் கொடுத்தேன்.

கண்காட்சி பிரிக்ஸ்ரனில். அழைப்பிதழ் இன்றும் என்னிடம் உண்டு. உறவினர் எல்லோரையும் கூட்டிச் சென்றேன்.

ஓவியத்தில், துரை வீட்டு வாசலில் கொட்டிக் கிடந்த அரிசியை ஒரு பேய் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தது. உடலெல்லாம் நெருப்பு. அது உரித்த தோல் வெள்ளைக் கோட்டாக உரலில் தொங்கியது. கக்கத்தில் குடை. முகம் என் அப்பாவுடையது.

"அட, எங்கட மாமா கொள்ளிவாய்ப் பேயாப் போனார்!" என்று தங்கையின் கணவர் செல்வரத்தினம் சிரித்தார்.

அது தன் ஊர்ப் பேய், பெயர் சூக்குயான் என்றார் யூலாலி. இரவில் தோலை உரித்து உரலில் போட்டுவிட்டு, வீடு புகுந்து இரத்தம் குடிக்குமாம். வாசலில் அரிசியைக் கொட்டினால், எண்ணி முடிக்காமல் உள்ளே வர இயலாதாம்.

"இரத்தம் குடித்தவன் துரை. அவனை ஏன் வரையவில்லை?" என்று கேட்டேன்.

"துரை எண்ணுவதில்லை. எண்ணுவதற்கு ஆள் வைத்திருந்தான். அரிசிக் கதையைச் சொன்னவரும் நீங்கள்தானே?"

அப்பாவின் பெயரைக் காப்பாற்ற ஓவியக்கூடத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். பதில் வரும்வரை எழுதினேன். இறுதியில் யூலாலி முகத்தைச் சுரண்டி அழித்தார். புகைப்படத்தையும் திருப்பித் தந்தார். சரிபார்க்க மனைவி கலாவதியுடன் போனேன். முகம் இருந்த இடத்தில் வெறுந்துணி.

கலாவதி ஓவியத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"இப்பவும் மாமாதான்."

"முகம் எங்கை இருக்கு?"

"முகம் எதுக்கு? அந்தக் குனிஞ்ச முதுகைப் பாருங்கோ. யாழ்ப்பாணத்துக் குசினியில நான் உலைக்கு அரிசி எடுக்கேக்கையும் இப்பிடித்தான் குனிஞ்சு பாத்துக்கொண்டு நிப்பார்."

யூலாலியை நான் மன்னிக்கவில்லை. வீடு திரும்பியதும் புகைப்படத்தை மாட்டச் சுத்தியலை எடுத்தேன்.

"குசினிப் பக்கம் கொழுவிப்போடாதேங்கோ," என்றாள் கலாவதி.