பின் சீட்டைக் கழற்றிய காலை

இது நடந்தது. 1988, ஐப்பசி மாதம். நம்பாதவர்கள் ஸ்கூட்டரை வந்து பார்க்கலாம், இன்னும் ஓடுகிறது.

தன்னைப் பேய் பிடிக்க வேண்டுமானால் முதலில் தன் கோபத்தைத் தாண்டி வர வேண்டும். அந்த அளவுக்குத் தைரியமுள்ள ஆள் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை இன்னும் யாரும் சாகவில்லை. நெமிலிச்சேரி டீக்கடை பெஞ்சில் செங்கல்வராயன் இப்படி அறிவித்தபோது அவன் சிரிக்கவில்லை. கேட்டவர்களும் சிரிக்கவில்லை. சிரித்தால் அடிப்பான்.

அப்போது அவனுடைய கோபம் முழுவதும் அந்தப் பழைய ஸ்கூட்டர் மேல்தான். ஆவடி குவார்ட்டர்ஸில் வேலுசாமி என்பவரிடம் வாங்கியது. அவனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை, காலை ஷிப்ட். நடுவழியில் நிற்கிற வண்டியை நம்பி தினமும் லேட்டாக வருகிறவனை எப்படிப் பெர்மனென்ட் செய்வது என்று சூப்பர்வைசர் கேட்டிருந்தார். மாதத்துக்கு ஒரு முறை பின் ஷாக்கப்சர் உட்கார்ந்தது. பின் டயர் தேய்ந்தது. ரிப்பேர் செய்வதா, பழைய இரும்புக்குப் போடுவதா?

மெக்கானிக் துலுக்கானம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"டெய்லி பின்னாடி யார இட்டுகினு போற நைனா?"

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

"டயரு வேற மாரி சொல்லுதே."

செங்கல்வராயனுக்கு மண்டை காய்ந்தது. பில்லை ஏற்றப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினான்.

வண்டியை விற்கும்போது வேலுசாமியும் ஏதோ உளறியிருந்தார். பட்டாபிராம் பக்கம் ஒரு ரயில்வே கேட். கேட் சாத்தியிருந்தால் வண்டியைச் சாய்த்து, கம்பிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போவதுதான் எல்லாருக்கும் வழக்கம். பின்னால் இருப்பவர் இறங்கிக் குனிந்து வருவார். அந்தப் பக்கம் போனதும், வண்டியை எடுக்கும் முன் "ஏறிட்டியா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள் என்றார் அவர். பின் சீட்டைக் கழற்றாதீர்கள் என்றும் சொன்னார். செங்கல்வராயன் அதை டீக்கடையில் நடித்தே காட்டினான். காலி சீட்டைப் பார்த்துக் கொஞ்சும் குரலில், "ஏறிட்டியா கண்ணு?" பெஞ்சு அதிர்ந்தது.

துலுக்கானத்தின் முகத்தில் கரி பூச ஒரே வழி. ரிப்பேர் கிடையாது. பின் சீட்டையே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். இனி எவன் உட்காருவான், பார்க்கலாம்.

மறுநாள் காலை. நாய் ஊளையிடவில்லை. நல்ல வெயில். கேட் சாத்தியிருந்தது. வண்டியைச் சாய்த்து இழுத்தான். வெள்ளரிப்பிஞ்சு விற்கும் பொன்னியம்மா கூடையிலிருந்து நிமிர்ந்தாள்.

"இரு நைனா. அவங்க குனிஞ்சி வரட்டும்."

வேறு யாரிடமோ பேசுகிறாள் என்று நினைத்தான். தண்டவாளத்தைத் தாண்டினான். வண்டியை நிமிர்த்தி, உதைத்தான். எஞ்சின் பிடித்தது.

க்ரீச்...

பின் சீட்டு ஸ்பிரிங் அமுங்கும் சத்தம்.

பின் சீட்டு வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. திரும்பினான். வெறும் தகரம். இரண்டு போல்ட்டு.

கோபம் உச்சிக்கு ஏறியது.

"யாரா இருந்தாலும் எறங்கு!"

பின்பக்கம் மெல்ல... எழுந்தது.

எஞ்சின் நின்றது.

உதைத்தான். உதைத்தான். தள்ளினான். கியரில் இல்லை. ஆனாலும் சக்கரம் உருளவில்லை.

அவன் முதுகுக்குப் பின்னால் மூச்சு.

வாங்கி... வாங்கி...

ஓடி வந்தவர்கள் வாங்கும் மூச்சு.

ரயில் கடந்து போனது. மூச்சு நின்றது.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு பஸ் பிடித்து ஓடினான். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். நாளைக்கும் லேட்டானால் வீட்டிலேயே இருந்துவிடு என்றார்.

சாயங்காலம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலுசாமி வீட்டுக்குப் போனான். இன்னா வண்டி வித்த சார் என்று வாசலிலேயே ஆரம்பித்தான். அவர் பதிலுக்கு ஒன்றுதான் கேட்டார்.

"பின் சீட்டக் கழத்திட்டீங்களா தம்பி?"

பிறகு சொன்னார். அவர் பட்டாபிராமில் குடியிருந்த காலம். மனைவி பார்வதத்துக்கும் அவருடைய ஆவடி ஃபேக்டரியில்தான் வேலை. தினமும் அதே வண்டி, அதே கேட். ஒருநாள் கம்பிக்கு அடியில் அவர் முன்னால் வந்தார், வண்டியை எடுத்தார், போய்விட்டார். ரயில் வந்துவிட்டது. அந்த அம்மாள் தண்டவாளத்தைத் தாண்டவே இல்லை. ஃபேக்டரி வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"ஒரு வாட்டி திரும்பிப் பாத்தா இன்னா சார்?" செங்கல்வராயனுக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

வேலுசாமி சுவரைப் பார்த்தார்.

"எதுக்குத் தம்பி திரும்பணும்? சீட்டு அமுங்குற சத்தம் கேட்டுச்சு. ஃபேக்டரி வாசல் வரைக்கும் பின்னால பாரம் இருந்துச்சு."

செங்கல்வராயன் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

கேட்டுக்குப் போய் வண்டியைத் தொட்டான். உருண்டது. துலுக்கானத்திடம் தள்ளிக்கொண்டு போனான். இரண்டு பேரைத் தாங்குகிற ஷாக்கப்சராகப் போடச் சொன்னான். அப்பவே சொன்னேனே என்றான் துலுக்கானம். செங்கல்வராயன் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து பின் சீட்டைத் துடைத்து மாட்டினான்.

மறுநாள் காலை கேட் சாத்தியிருந்தது. சாய்த்து இழுத்தான். தாண்டினான். வண்டியை நிமிர்த்தினான். உதைக்கவில்லை.

பொன்னியம்மா வேறு பக்கம் பார்க்கட்டும் என்று காத்திருந்தான். பிறகு பாதிக் கழுத்து மட்டும் திருப்பி, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஏறிட்டீங்களாம்மா?"

க்ரீச்...