தாம்புக்கயிற்றுக்கு வந்த உரைகள்

ஒரு கதையை எப்படியெல்லாம் படிக்கலாம் என்று தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. எழுதியவரின் வாழ்க்கையைத் தோண்டிப் பார்ப்பது, கட்டுமானத்தை மட்டும் பார்ப்பது, உழைப்பவர் பக்கம் நின்று கேள்வி கேட்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் உண்டு. பிற்காலத்தில் அவற்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஐம்பதுகளில், உத்தனப்பள்ளிக்குப் பக்கத்து ஊரில், என்னுடைய மூன்று பக்கக் கதை அத்தனை பாட்டையும் ஒரே வாரத்தில் பட்டுவிட்டிருந்தது.

நான் கிருஷ்ணகிரியில் எட்டாவது படித்தவள். வாழ்க்கைப்பட்ட வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எனக்காகத் தமிழுக்கு மாறுவார்கள், அவசரத்தில் மறந்தும் போவார்கள். அடுப்படி முதல் களம் வரை எல்லாம் என் ஓரகத்தியின் கையில் இருந்தது. என் கணவருடைய அண்ணன் மனைவி. அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்குப் பிள்ளை இல்லை. பேச்சு குறைவு, பேசினால் சுருக்கென்று இருக்கும்.

கல்யாணமான முதல் வருஷம், ஒருநாள் விடிகாலையில் தண்ணீர் சேந்தப் போனால் கிணற்றடியில் தாம்புக்கயிறு இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், அக்கா அதைக் கேழ்வரகுக் குதிருக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்து, தானே சேந்தி முடித்து, திரும்பவும் அங்கேயே ஒளித்து வைப்பதைப் பார்த்துவிட்டேன். ஏன் என்று கேட்டதற்கு, உட்கார்ந்து கீரையை ஆய் போ என்றார். கிணற்றைத் தொடக்கூடத் தகுதியில்லாதவளா நான் என்று உள்ளுக்குள் கொதித்தேன். இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

என் மகள் பிறந்து தவழத் தொடங்கிய பிறகும் அந்தக் கொதிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வந்த இளையவளை மட்டம் தட்டுவதற்காகக் கயிற்றை ஒளிக்கும் ஒரு மூத்த மருமகளைப் பற்றிக் கதை எழுதி, வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். என் பெயரும் ஊர்ப் பெயரும் போட்டு அச்சாகிவிட்டது.

பத்திரிகை ராயக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்து சேரும். அன்று பொழுது சாய்வதற்குள் அந்த மூத்த மருமகள் யார் என்று ஊரே கண்டுபிடித்துவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார் மட்டும் ஆளைத் தேடவில்லை. முதல் வரியில் வந்த கயிறு கடைசி வரியில் திரும்ப வருகிறது பாருங்கள், கதை அங்கேதான் இருக்கிறது என்று டீக்கடையில் வாதாடினாராம். அது தானாக அமைந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வயலுக்குக் கூலிக்கு வரும் ஒரு பெண், கதையை யாரோ சொல்லக் கேட்டுவிட்டு வந்து, களை எடுத்தபடியே சொன்னாள்.

"ரெண்டு பேருமே கெணத்தத் தொடறவங்கதானே. நாங்க கொடத்த வெச்சுக்கிட்டு ஓரமா நிக்கறோமே, அது கதையில காணோம்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. தினமும் பார்க்கிற குடங்கள். அவை என் கண்ணில் பட்டதே இல்லை.

வீட்டில் நிலைமை வேறு. கணவரின் அண்ணன் பத்திரிகையைக் கூடத்தில் வீசினார். எல்லாம் கற்பனை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். இனி இந்த வீட்டில் இவள் பேனாவைத் தொடக்கூடாது என்றார் அவர். என் கணவர் அதைப் பொறுக்கி எடுத்து மடித்தார். கடைசியில், எழுதப்பட்டவள் அக்காதானே, அவளே முடிவு சொல்லட்டும் என்று ஆயிற்று.

"கேக்காம எப்பிடிச் சொல்றது? மொதல்ல அவ படிக்கட்டும்" என்றார் அக்கா.

அவருக்கு எழுத்து தெரியாது, ஏட்டுத் தமிழும் முழுசாகப் பிடிபடாது. என் மகளை மடியில் இருத்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஒரு வரி படிப்பேன், பிறகு அதையே என் அரைகுறைத் தெலுங்கில் சொல்வேன். கடுமையான இடங்களை மழுப்பிவிடலாமா என்று பார்த்தேன். மழுப்புகிற அளவுக்கு எனக்குத் தெலுங்கு வரவில்லை. குதிர் வரும் இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். முடிந்ததும் தன் கணவரைப் பார்த்தார்.

"இது நான் இல்ல. கதையில வர்றவ சும்மாவே ஒளிச்சு வெக்கறா. சும்மா எவளாவது கயித்த ஒளிப்பாளா? எழுத வருது இவளுக்கு, ஆனா அந்தப் பொம்பள மனசுக்குள்ள போகல. இன்னும் எழுதட்டும், விடுங்க."

அவர் கணவர் முணுமுணுத்துக்கொண்டே வயலுக்குப் போனார். என் பேனா தப்பித்தது. நான் மட்டும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அப்படியென்றால் நிஜத்தில் ஏன் ஒளித்தீர்கள் என்று கேட்டேன். அக்கா குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு ரெண்டு கரு, அந்தக் கெணத்துகிட்டதான் கலஞ்சு போச்சு. உன் மொகத்தப் பாத்ததுமே தெரிஞ்சுது. மூணு மாசம் ஆகாம வாய்விட்டுச் சொல்லக்கூடாதுன்னு எங்க வழக்கம். அதான் கயித்த எடுத்து வெச்சேன்."

அப்போது நான் யாரிடமும் சொல்லாத செய்தி அது. ஒவ்வொரு விடிகாலையும் என் பங்குக்கும் சேர்த்து அவர் சேந்தியிருக்கிறார். அதைத்தான் நான் திமிர் என்று எழுதி ஊருக்கே காட்டியிருக்கிறேன். அவர் காலில் விழவில்லை, விழுந்திருக்க வேண்டும்.

அதன்பிறகு எழுதிய கதை ஒவ்வொன்றையும் தபாலில் போடுமுன் அவருக்குத் தெலுங்கில் சொல்லிக் காட்டினேன். இவள் ஏன் இப்படிச் செய்கிறாள் என்பார். பதில் தெரியாவிட்டால் திருத்துவேன். ஓரமாய் நிற்கும் குடங்களும் அடுத்த கதையில் வந்துவிட்டன. அன்றைக்கு என்னைப் படித்தவர்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன், டீக்கடைத் துப்பறிவாளர்கள் உட்பட. அக்காவுக்கு என்ன சொல்வது? என் மகள் பேசத் தொடங்கியதும் அவரைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை.