கதவிடுக்கில் அடைத்த இயர் பிளக்

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் ஸ்டூடியோ ஆகிவிடும் என்று யூடியூபில் சொல்கிறானே ஒருவன், அவனை நேரில் பார்த்தால் நாலு அறை விடுவேன். மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கி அட்டை சேர்த்தேன். ஒட்டி முடித்த அன்று உள்ளே நின்று கைதட்டிப் பார்த்தேன். எதிரொலி கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். தெருவில் போன கண்டெய்னர் லாரியின் ஹாரன் என் காதுக்குள்ளேயே வந்து அடித்தது. மறுவாரம் எலியும் வந்தது, அட்டையில் காய்ந்திருந்த முட்டைக் கறைக்கு. அத்தனையையும் பிய்த்தெறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

எங்கள் வீடு வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம். நிலத்தை எடுத்துக்கொண்டபோது வந்த பணத்தில் அப்பா வரிசையாக நாலு அறை கட்டி, வடக்கிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். கடைசி அறை என் பங்கு. பத்துக்குப் பன்னிரண்டு. நான் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் பிரஸ் லைனில் இருந்தேன், பதினோராவது வருஷம். தகட்டை வைத்தால் மேலிருந்து இறங்கி ஒரே அடி, தகடு கார்க் கதவாகிவிடும். நாள் முழுக்க அந்த அடிதான். ஞாயிற்றுக்கிழமையில் சர்ச்சில் சவுண்டு மிக்சர் பார்ப்பேன். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அம்மன் கோயில் மேடைக்கும் நான்தான். சுற்று வட்டாரத்தில் சவுண்டு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அந்தத் திமிர் எனக்கு உண்டு. ஸ்டூடியோ ஓட ஆரம்பித்தால் பிரஸ்ஸை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ராஜினாமா கடிதத்தை எழுதி, தேதி மட்டும் போடாமல், பீரோவில் மனைவியின் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

கூட வேலை செய்தவன் என் நண்பன், அதே லைனில் எனக்கு அடுத்த பிரஸ். வயரிங் தெரியும், தச்சு வேலையும் தெரியும். எந்திரங்கள் வந்திறங்கும் மரப்பெட்டிகளை உடைத்துச் சட்டம் அடித்தான். இருக்கிற சுவருக்கு உள்ளே ஒரு சாண் தள்ளி இன்னொரு சுவர், நடுவில் ஷெட் கூரைக்குப் போடுகிற கல் பஞ்சு. அது கையெல்லாம் அரித்தது. பத்து நாள் இரண்டு பேரும் சொறிந்துகொண்டே வேலைக்குப் போனோம். உள்சுவரில் கார்க் கண்ணாடி சுற்றி வருகிற ஃபோம். மைக் செகண்ட் ஹேண்ட், ரிச்சி தெருவில் வாங்கியது. மேலே வெள்ளை எல்.இ.டி. பட்டை விளக்கு, பார்க்க நன்றாக இருக்கும் என்று நான்தான் போடச் சொன்னேன்.

கதவுதான் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரட்டைக் கதவு போட்டும், சட்டத்தைச் சுற்றி விரல் நுழைகிற இடுக்கு. சிமெண்ட் பூசினால் விரிசல் விட்டது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அன்றைக்கு அதை நினைத்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

கம்பெனியில் மாதாமாதம் இயர் பிளக் கொடுப்பார்கள். ஆரஞ்சு நிறம், விரலால் உருட்டிக் காதில் வைத்தால் விரிந்து அடைத்துக்கொள்ளும். எங்கள் லைனில் யாரும் வைப்பதில்லை. வேர்வையில் அரிக்கும், தகட்டை அடிக்கிற டை சரியாக உட்காருகிற சத்தம் கேட்காது என்று காரணம் சொல்வோம். அதெல்லாம் சும்மா. வெட்கம்தான் காரணம். எவனாவது வைத்தால் அன்றோடு அவனுக்குப் புதுப்பொண்ணு என்று பேர். “இன்னா புதுப்பொண்ணு, சத்தம் தாங்கலியா?” என்று டீ பிரேக் முழுக்க ஓட்டி எடுப்போம். ஓட்டியதில் முதல் ஆள் நான். பிளக் கவர் பிரிக்காமல் சட்டைப் பையிலேயே இருக்கும். ஆடிட் என்று செய்தி வந்தால் மட்டும் லைன் மொத்தமும் காதில் செருகிக்கொண்டு நிற்கும். ஆடிட்காரர் தலை மறைந்ததும் எல்லாம் கழன்று பைக்குப் போகும்.

அப்படிச் சேர்ந்தது வீட்டில் ஒரு அரிசிப் பை நிறைய இருந்தது. நண்பனும் ஒரு பை கொண்டுவந்தான். ஒவ்வொன்றாக உருட்டி உருட்டி இடுக்கில் செருகினோம். உள்ளே போய் விரிந்து கச்சிதமாக அடைத்துக்கொண்டது. மேலே ஒரு மரப்பட்டி அடித்து மூடினோம். லாரி ஹாரன் நின்றது. இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்து கேட்டோம்.

“ஊசி வுழுந்தா கேக்கும் மச்சான்” என்றான்.

“சுடுகாடு தோத்துது போ” என்றேன்.

வெளியே வந்து டீ குடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. முன்பெல்லாம் இந்த நேரத்துக்குச் சில்வண்டு காதைக் கிழிக்கும் என்று ஆரம்பித்தேன். ஏரிக் கால்வாயை மூடினான்கள், கழனியில் ஷெட் போட்டான்கள், கடைசியில் ஒரு பூச்சியைக்கூட மிச்சம் வைக்கவில்லை என்று கண்டபடி திட்டினேன். நண்பனும் கூடச் சேர்ந்து திட்டினான். மனைவி அப்போது செல்போன் கம்பெனியில் இரண்டாம் ஷிஃப்டில் இருந்தாள். வீட்டில் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

முதல் ரெக்கார்டிங்குக்கு வடக்குப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சர்ச் பாடகர் குழு வந்தது. கிறிஸ்துமஸுக்கு மூன்று பாட்டு. குழுவை நடத்துகிறவர் ஸ்கூல் டீச்சர், ஐம்பது வயது இருக்கும். பதமாகப் பேசுகிற மனுஷி. முதல் பாட்டு முடிந்ததும் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். நெற்றி சுருங்கியது.

“தம்பி, பாட்டுக்குப் பின்னாடி கீன்னு ஒண்ணு கேக்குதே.”

நான் வாங்கிக் கேட்டேன். ஒன்றும் இல்லை. நண்பனிடம் கொடுத்தேன். அவனும் உதட்டைப் பிதுக்கினான். “ஒண்ணும் இல்லீங்க டீச்சர்” என்றேன். அவர் மறுபடி கேட்டார். குழுவில் இருந்த இரண்டு பெண்களும் கேட்டார்கள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இருக்குது தம்பி. கொசு காதுகிட்ட வர்ற மாதிரி.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “பதினைஞ்சு வருஷமா மிக்சர் புடிக்கிறவன் நானு. பாடுறது மட்டும் உங்க வேல. சவுண்டு எனக்குத் தெரியும்” என்றேன். இதைச் சொன்ன வாயை இன்றைக்கு நினைத்தாலும் கிழித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது. “சரி பண்ணி வைங்க தம்பி, இன்னொரு நாள் வரோம்” என்று டீச்சர் குழுவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் ஆட்டோ கிளம்பியதோ இல்லையோ, நண்பனைப் பிடித்துக்கொண்டேன். உன் வயரிங்தான், எர்த் சரியில்லை என்றேன். நீ வாங்கிய ஓட்டை மைக் என்றான் அவன். வெளியிலிருந்துதான் ஏதோ வருகிறது, கதவு இடுக்குதான் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. கடப்பாரையை எடுத்துவந்து சட்டத்தின் மேல் அடித்திருந்த பட்டியை நெம்பினேன். பட்டி வந்தது. பின்னாலேயே இயர் பிளக் கொட்டியது. நிற்காமல் கொட்டியது. தரையெல்லாம் ஆரஞ்சு.

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். அன்றைக்கு அவளுக்கு லீவு. கொட்டிக் கிடந்ததைப் பார்த்தாள், என் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தாள்.

“இந்த லைட்டு இன்னாங்க இப்படிக் கத்துது?”

“எது?”

“இதோ, கீச்சுன்னு கத்திக்கினு கீதே. உனக்குக் கேக்கல?”

ஸ்விட்சை அணைத்தாள். “இப்ப இல்ல பாரு” என்றாள். மறுபடி போட்டாள். “தோ, கத்துது.”

எனக்கு அணைத்ததும் போட்டதும் ஒன்றாகத்தான் இருந்தது. நண்பனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கண்ணை இறுக்கி மூடிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, போட்டு அணைத்துக் காட்டச் சொன்னேன். இப்போது போட்டிருக்கிறாய் என்றேன். இல்லை என்றாள். இப்போது அணைத்துவிட்டாய் என்றேன். அவள் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தாள். “போதும், வுடுங்க” என்றாள். இரண்டு பேர் கூடி ஒரு அறை கட்டி, அதில் சத்தம் இல்லை என்று நாங்களே சான்றிதழும் கொடுத்துக்கொண்டோம். நாலு காதும் அதே பிரஸ் லைன் காது. இதைவிட முட்டாள்தனம் உலகத்தில் உண்டா?

தாம்பரத்தில் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, பீப் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதே பரிசோதனை கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கும். கேண்டீன் பக்கத்தில் வேன் வந்து நிற்கும், பின்னால் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். பீப் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கேட்டாலும் தூக்கு, கேட்காவிட்டாலும் தூக்கு என்பதுதான் எங்கள் லைனில் சட்டம். காதில் கோளாறு என்று எழுதிவிட்டால் பிரஸ்ஸை விட்டு மாற்றுவான், ஓ.டி. பணம் போகும் என்று பயம். நானும் பதினோரு வருஷம் நன்றாகத் தூக்கினேன். ஃபிட் என்று எழுதிக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். கம்ப்ரசருக்குப் பக்கத்தில் வைத்துக் காதைச் சோதித்தவனைத் திட்டுவதா, அவனுக்குக் கையைத் தூக்கிக் காட்டிய என்னைத் திட்டுவதா?

டாக்டர் ஒரு காகிதத்தைக் காட்டினார். நேராக வந்த கோடு வலது பக்கம் போகப் போகக் கிணற்றில் இறங்கியிருந்தது. “மெல்லிசான உச்ச சத்தமெல்லாம் போயிருக்கு. போனது வராது. இருக்கிறதையாவது காப்பாத்துங்க” என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது மனைவியிடம் கேட்டேன். “சில்வண்டு கத்துதா?”

அவள் தெருவைப் பார்த்தபடியே, “கத்துது” என்றாள். “எப்பவுமே கத்திக்கினுதான் கீது.”

கடை, கரெண்ட் பில், காஸ் என்று எதைச் சொல்லி நான் மறந்தாலும் “செவுடன் காதுல ஊதுன சங்குதான் உங்கிட்ட சொல்றது” என்பாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்ட வசவு. அன்றைக்குப் பிறகு அதை அவள் சொல்வதே இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. பழையபடி திட்டித் தொலையேன் என்று ஒருநாள் நானே கத்தினேன். விளக்கை மாற்றிவிட்டால், ரெக்கார்டிங்கின்போது தானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். நீ கேட்டுச் சொல்லி நான் பட்டனைத் திருப்புவதற்கு நான் எதற்கு என்று அதற்கும் கத்தினேன். கடிதம் புடவைகளுக்கு அடியிலேயே கிடந்தது.

நண்பனை டாக்டரிடம் வரச் சொன்னேன். “எனக்கெல்லாம் நல்லாத்தான் கேக்குது. உன் காதப் பாத்துக்கோ” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவன், பேச்சையே நிறுத்திவிட்டான்.

லீவு முடிந்து திங்கள்கிழமை முதல் ஷிஃப்ட் போனேன். தரையில் கொட்டியதைத் துடைத்து ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். லைன் ஸ்டார்ட் ஆவதற்கு முன்னால் இரண்டை உருட்டிக் காதில் வைத்தேன். எவனாவது புதுப்பொண்ணு என்று சொல்லட்டும், வாயைப் பெயர்த்துவிடலாம் என்றுதான் நின்றேன்.

யாரும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் வந்தார், திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷன்தான். என் காதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த டீயை வைத்துவிட்டுச் செல்போனைத் தடவினார். பேசுவது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

“என்னப்பா, இன்னைக்கு ஆடிட்டா? எனக்கு மெயில் ஒண்ணும் வரலியே!”

இல்லை சார், காது போய்விட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஐயோ பாவம் என்பார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள், எவனும் வைக்கமாட்டான். பதினோரு வருஷம் இந்த லைனில் நின்றவன் நான், எனக்குத் தெரியாதா?

“ஆமா சார்” என்றேன்.

அவர் தன் பையிலிருந்து கவரை எடுத்துப் பிரித்துச் செருகிக்கொண்டே லைன் ஓரமாக ஓடினார், காதைக் காதைக் காட்டிக்கொண்டு. வரிசையாகக் கைகள் சட்டைப் பைக்குப் போயின. அடுத்த பிரஸ்ஸில் நண்பன் என்னையே பார்த்தான். ஆடிட் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, முகத்திலேயே இருந்தது. கவரைப் பல்லால் கிழித்தான். இரண்டு காதிலும் வைத்தான்.

எட்டு மணி நேரம் லைனில் ஒருவன்கூடக் கழற்றவில்லை. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தார். காதிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டே, “எங்கப்பா, ஆடிட்காரன் ஒருத்தனையும் காணோமே?” என்றார்.

“நாளைக்கு வர்றாங்களாம் சார்” என்றேன்.