அண்ணி வெட்டிய வேலி

பல வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது வீட்டில் எல்லாமே இடம் மாறியிருந்தன. சாப்பாட்டு மேசை முழுக்கப் பாடப்புத்தகங்கள். அடுப்புக்கு முன்னால் அண்ணன். அண்ணி மாலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார்.

அண்ணிக்கு நாற்பது தாண்டிவிட்டது. பகலில் ஆயத்த ஆடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நீளமான மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டையை வைத்துக் கோடு போட்டு, மின்கத்தியை ஓட்டுவது அவர் வேலை. கோடு பிசகினால் ஒரு அடுக்குச் சட்டையே வீண். அதனால் வேலை நேரத்தில் வாயைத் திறக்கமாட்டார். பகலெல்லாம் அடக்கிவைத்ததை மாலையில் வகுப்பில் கொட்டுகிறார் என்பது அண்ணனின் கணிப்பு. வகுப்பில் மற்ற எல்லாருக்கும் அவர் வயதில் பாதிதான். முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருக்கிறது. "உக்காருங்கப்பா, நானும் உக்காரத்தான் வந்திருக்கேன்" என்றாராம்.

அந்தப் பிள்ளைகள்தான் பிறகு அவரைத் தங்கள் குழுவுக்குத் தலைவராக்கின. மாணவர்கள் தாங்களாகவே முன்னின்று, அக்கம்பக்கத்து மக்களோடு சேர்ந்து செய்யும் இயற்கைப் பாதுகாப்பு வேலைகளுக்கு ஒரு அறக்கட்டளை விதைநிதி கொடுத்தது. பாதித் தொகை தொடக்கத்தில். மீதி, அவர்கள் நேரில் வந்து பார்த்த பிறகு. அண்ணியின் குழு ஆமைகளைத் தேர்ந்தெடுத்தது. கல்லூரிக்குப் பின்னால் லாரி நிறுத்துமிடம், அதைத் தாண்டி ஏரி. மழைக்காலத்தில் ஏரி ஆமைகள் கரையேறி, லாரிகள் நிற்கும் இடத்தின் ஓரத்து மணலில் முட்டையிடும். பின்னால் எடுக்கும் லாரிகளின் சக்கரத்தில் பாதி முட்டைகள் நசுங்கும். மீதியை நாய்கள் தோண்டும்.

மணல் ஓரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி லாரி சங்கச் செயலாளரிடம் பேசப் போனது அண்ணிதான். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீச்சர் உட்காருங்கள் என்றார். தான் டீச்சர் இல்லை, மாணவி என்று அண்ணி சொன்னதும் மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தனை தடவைம்மா ஃபெயிலு?"

"இன்னும் ஒண்ணுகூட ஆகலைண்ணே. நீங்க இடம் தரலைன்னா இதுல ஆயிடுவேன்."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணி மணலில் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்துவிட்டார்.

வேலி அண்ணியின் யோசனை. பச்சை நிழல்வலையை வாங்கி, இரட்டையாக மடித்து, வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து தைத்தார். வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு விரல் மரத்துப்போனது. நாய்க்குப் பயந்து நான்கு பக்கமும் அடைத்துவிட்டு, ஏரிப் பக்கத்தில் மட்டும் ஆமைகள் நுழையச் சிறு சிறு திறப்புகள் வைத்தார். கரையில் கிடந்த ஒரு ஆமை ஓட்டை எடுத்துவந்து, இஞ்சு டேப்பால் அளந்து, அந்த அளவுக்கு வெட்டி, ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்த திறப்புகள். ஆமை நுழையலாம், நாய் நுழைய முடியாது. இரும்புக் கம்பிகள் நட்டு வேலியை நிறுத்தியதும் குழு அதன் முன்னால் நின்று படம் எடுத்து அறக்கட்டளைக்கு அனுப்பியது. படம் அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனதாகப் பதில் வந்தது. பார்வையிட வரும் நாளையும் குறித்துவிட்டார்கள்.

முதல் மழை பெய்த மாலையில் நாங்கள் எல்லாரும் ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்றோம். ஒரு ஆமை கரையேறி வந்தது. நேராகத் திறப்புக்கு வந்து தலையை நுழைத்தது, முன்கால்களையும் நுழைத்தது. ஓடு மாட்டிக்கொண்டது. காலால் மணலைப் பறித்துப் பறித்துப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தது. அடுத்த திறப்பிலும் அதே கதை. வேலியை ஒட்டியே அந்தக் கோடி வரைக்கும் நடந்து, திரும்பி நடந்து, கடைசியில் தண்ணீருக்குள் போய்விட்டது. அதன் பிறகு வந்த இன்னொன்றும் அப்படியே திரும்பியது.

அண்ணி விலங்கியல் ஆசிரியருக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னார். நீங்கள் அளந்தது ஆண் ஆமையின் ஓடாக இருக்கும், இந்த இனத்தில் பெண் நன்றாகவே பெரியது என்றார் அவர். இடமில்லாமல் திரும்பும் ஆமை கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கும், பிறகு முட்டையைத் தண்ணீரிலேயே போட்டுவிடும், அது பொரியாது என்றும் சொன்னார்.

அண்ணி போனைப் பைக்குள் வைத்தார். "புருஷனோட அளவுச் சட்டைய வச்சுக்கிட்டு மாசமா இருக்கறவளுக்குத் தைச்சிருக்கேன். இருபது வருஷமா கத்தி பிடிக்கிறேன், எனக்கு இது தோணலை பாரு."

மறுநாள் கல்லூரிக் கேன்டீனில் குழு கூடியது. திறப்புகளைப் பெரிதாக்கினால் நாய் நுழையும். ஏரிப் பக்கத்து வலையை மொத்தமாக எடுத்துவிட்டு, ஆமை முட்டையிட்டு மூடிப் போனதும் அந்த இடத்தின்மேல் பழம் ஏற்றும் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துச் செங்கல் வைக்கலாம் என்றார் அண்ணி. கூடையின் கண்கள் வழியே குஞ்சு வெளியேறும், நாயின் மூக்குதான் நுழையாது. ஆனால் ஆமை எப்போது வரும் என்று யார் உட்கார்ந்து பார்ப்பது? அங்கேயே தூங்கி அங்கேயே குளிக்கிற லாரிக்காரர்கள்தான் பார்க்கவேண்டும். அதாவது, யாரைத் தடுக்க வேலி போட்டார்களோ அவர்களிடமே காவலைக் கேட்கவேண்டும்.

குழுவில் கணக்கு வழக்கு பார்த்த பெண்ணை எல்லாரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அண்ணியின் திட்டத்தில் குறை எதுவும் தெரியவில்லை, நேரம்தான் இடித்தது. அடுத்த வாரம் அறக்கட்டளை அம்மா வருகிறார். விண்ணப்பத்தில் வேலி என்று எழுதியிருக்கிறது. வேலி இல்லாவிட்டால் மீதித் தொகை இல்லை. அந்தத் தொகையை நம்பித்தான் அறிவிப்புப் பலகைக்கும் பள்ளிக்கூடப் பயிற்சிக்கும் ஆள் பேசி வைத்திருக்கிறார்கள்.

"ஒரு வாரம்தான்க்கா. அவங்க பாத்துட்டுப் போகட்டும், அன்னைக்கே வெட்டிடலாம். நானே கத்திரிக்கோல் எடுத்துட்டு வர்றேன்."

"அதுங்களுக்கு நாள் நெருங்கிடுச்சு. மேடம் வர்ற வரைக்கும் வலியப் பொறுத்துக்கோன்னு யாரு தண்ணிக்குள்ள போய்ச் சொல்றது? நீ சொல்றியா?"

"அப்ப நாங்க உழைச்சதெல்லாம்?"

"நானும்தான் உழைச்சேன். என் தையல்தான் அது."

கண்ணாடி எழுந்து போய்விட்டாள். அவளோடு இன்னொருவனும் போனான். மிச்சம் இருந்தவர்கள் டீயைக் குடித்து முடித்துவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தார்கள். கம்பெனிக்கு அன்று அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தார் அண்ணி. நேராக ஏரிக்கரைக்குப் போய்க் கத்தரித்தார். இரட்டைத் தையல் லேசில் பிரியவில்லை. தன் தையலின்மேல் தனக்கே இவ்வளவு கோபம் வந்ததில்லை என்று திட்டிக்கொண்டே வெட்டினார். பிறகு செயலாளரிடம் போய்க் கூடை கேட்டார். கூடை எத்தனை வேண்டுமானாலும் தருவதாகச் சொன்ன செயலாளர், காவலுக்கு மட்டும் தயங்கினார். எங்களை முட்டை நசுக்குகிறவர்கள் என்றுதானே பலகை எழுதப் போனீர்கள் என்று கேட்டார். அண்ணி மழுப்பவில்லை. ஆமாம், தப்புத்தான், இப்போது உங்களை விட்டால் எங்களுக்கு வேறு கண் கிடையாது என்றார்.

அறக்கட்டளை அம்மா வந்த அன்று வெயில் கொளுத்தியது. ஆமை எதுவும் தலைகாட்டவில்லை. அவர் பார்த்ததெல்லாம் மூன்று பக்க வேலியும், அறுபட்ட வலை நுனிகளும், ஓரமாக அடுக்கிய காலிக் கூடைகளும்தான். அவரும் அண்ணியை ஆசிரியர் என்று நினைத்து, மாணவர்களில் தலைவர் யார் என்று அவரிடமே கேட்டார். அண்ணி நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார், அறுபட்ட நுனியைத் தொட்டுப் பார்த்தார். ஆனால் அவர் கையிலும் விதி இருந்தது. எழுதிக் கொடுத்தது வேலி. வேலி இல்லாமல் மீதியைக் கொடுக்க முடியாது. கூடைக்குத் தனியாக அடுத்த ஆண்டு கேட்கலாம். கொடுத்த பாதியைத் திருப்பிக் கேட்கமாட்டோம் என்றார், அதையே ஆறுதல் போல.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருக்கலாமே நீங்க. எனக்கும் எழுதறதுக்கு வசதியா இருந்திருக்கும்" என்றார் கார் கதவைத் திறந்துகொண்டே.

"உங்களுக்கு வசதியா இருந்திருக்கும் மேடம்" என்றார் அண்ணி.

அன்று இரவு அண்ணன், மனசு கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டான். பணம் வராததைவிடக் கண்ணாடி வராததுதான் கஷ்டம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தார்.

மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் சாயங்காலம் குடையோடு நான் கம்பெனி வாசலில் காத்திருக்க, அண்ணி இறங்குகிற நேரத்தில் செயலாளரிடமிருந்து அழைப்பு. நாங்கள் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஒரு லாரி சரக்கோடு கிளம்பும் வாக்கில் பாதி திரும்பி நின்றது. ஓட்டுநர் கீழே இறங்கி, தெரியாமல் யாரும் வண்டியை ஏற்றிவிடாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நனைந்தபடி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், வேலிக்குக்கூட வெளியே, சக்கரத் தடத்தின் நடுவில் பெரிய ஆமை ஒன்று பின்னங்காலால் குழி பறித்துக்கொண்டிருந்தது. சரக்குக்காரர் போனில் கத்துகிறார் என்றும், வண்டி பஞ்சர் என்று சொல்லி வைத்திருப்பதாகவும் செயலாளர் சொன்னார். முட்டை தெரிகிறதா என்று ஓட்டுநர் குனிந்து குனிந்து பார்த்தார். அண்ணி அவரைத் தோளில் தட்டி உட்காரவைத்தார்.

அரைமணிக்கு மேல் ஆயிற்று. ஆமை மண்ணைத் தள்ளி மூடி, வயிற்றால் அழுத்திவிட்டு ஏரிக்குத் திரும்பியது. கூடையைக் கவிழ்த்ததும் செங்கல் வைத்ததும் ஓட்டுநர்தான். அண்ணி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். முதலில் அறக்கட்டளைக்கோ என்று நினைத்தேன்.

"கண்ணாடி, நான்தான்டா பேசறேன். கோவத்த அப்புறம் வச்சுக்கலாம். முதல் கூடு கூடைக்குள்ள இருக்கு, அதுவும் நடு வழியில. இனிமே லாரியெல்லாம் சுத்திப் போகணும், தடம் மாத்தணும், கூடு இருக்கற இடமெல்லாம் குறிக்கணும். உன் கணக்கு வேணும் எனக்கு. நாளைக்கு வருவியா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அண்ணி "சரி, ஆறு மணிக்கு" என்றார். பிறகு ஓட்டுநரைப் பார்த்துத் திரும்பி, கூடைக்கு இடது பக்கமாக ஒடித்து எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே லாரிக்கு முன்னால் பின்நோக்கி நடக்க ஆரம்பித்தார்.