பிரசாதம் இனிப்பில் சேர்த்தி இல்லை

ஷண்முகசுந்தரம் முப்பத்தெட்டு வருஷம் மலைமேல் முருகன் கோயில் மடப்பள்ளியில் சர்க்கரைப் பொங்கல் கிண்டியவர். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட, அடுப்பில் இருக்கும்போது ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தது கிடையாது. சுவாமிக்குக் காட்டும் முன் ருசி பார்த்தால் அது எச்சில். மோந்து பார்த்தாலும் பாதி எச்சில்தான். பாகு கரண்டியிலிருந்து இறங்குகிற தினுசை வைத்தே பதம் சொல்லிவிடுவார். ஆந்திராவிலிருந்து வருகிற கூட்டம் அந்தப் பொங்கலுக்காகத் தொன்னையை நீட்டிக்கொண்டு நிற்கும். அவர் மனைவி ஜம்பகத்துக்கு அதில் பெருமை உண்டு. ஏன் இருக்காது?

நைவேத்தியம் ஆனதும் அவருக்கென்று ஒரு பங்கு. காலையில் ஒரு கை, உச்சிக்காலம் முடிந்து ஒரு கை, மிச்சம் தூக்குச்சட்டியில் வீட்டுக்கு. அந்த வீட்டில் பிரசாதத்தை யாரும் 'சாப்பிட்டேன்' என்று சொல்லமாட்டார்கள். சாதத்தைத்தான் சாப்பிடுவது, பிரசாதத்தை எடுத்துக்கொள்வது. கல்யாணமாகி வந்த புதிதில் ஜம்பகம் வாய்தவறி, "பொங்கல் சாப்பிடறேளா?" என்று கேட்டுவிட்டு மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். 'வேண்டாம்' என்று சொல்வது அதைவிட மோசம். வயிறு முட்ட இருந்தாலும் கடுகளவாவது கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். மற்றபடி கடை ஜாங்கிரி, மிட்டாய், எதையும் ஷண்முகசுந்தரம் தொடமாட்டார். நாக்குக்கு அடிமையாகிறவன் மடப்பள்ளிக்கு லாயக்கில்லை என்பார்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். வெல்லத்துக்கும் அதே கதிதான். ஐம்பத்தாறு வயதில் அவர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பாதி மலை ஏறுவதற்குள் படியில் உட்கார்ந்துவிட்டார். ஜம்பகம்தான் பிடிவாதமாக டாக்டரிடம் அழைத்துப்போனாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இனிப்பு சாப்பிடுவீங்களா ஐயா?"

"சாப்பிடறதே இல்லை."

"கோயில்ல சமைக்கிறீங்களே, ருசி பார்ப்பீங்கதானே?"

"சிவ சிவா! மடப்பள்ளியில ருசி பாக்கப்படாதும்மா. வேணும்னா இவளைக் கேளுங்கோ."

ஜம்பகம் ஆமாம் என்று தலையாட்டினாள். பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவேயில்லை. அவர் சொன்னது அந்த வீட்டுத் தமிழில் சத்தியம்.

ஒரு மாத்திரை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. சர்க்கரை இறங்குவேனா என்றது. டாக்டரிடம் வேலைக்கு மணவூரிலிருந்து ரயிலேறி வருகிற நர்ஸ் ரஞ்சிதம் ஒருநாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இன்னா சாமி, எங்களை ஏமாத்திகினு கீறீங்களா? இம்மா மாத்திரைக்கு மலையே இறங்கி வந்துருக்கணுமே!" என்றாள். ஷண்முகசுந்தரம் சிரித்தார். ஜம்பகத்துக்குத்தான் சுரீர் என்றது. வீட்டில் இருக்கும் தூக்கு கண்முன் வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. முருகனையே காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. பிரசாதம் போய் யாருக்காவது கெடுதல் பண்ணுமா? நினைத்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த சித்திரையில் கால். மலைமேல் செருப்பு கிடையாது, வெயிலில் கல் தோசைக்கல்லாகக் காயும். மற்றவர்கள் துள்ளித் துள்ளி ஓடுகிற இடத்தில் ஷண்முகசுந்தரம் நிதானமாக நடந்தார். பார்த்தவர்கள் பக்தி என்றார்கள். பக்தியுமில்லை ஒன்றுமில்லை, காலில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது. உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து புண்ணாகி, ஒரு வாரம் அதோடேயே நின்று கிண்டியிருக்கிறார். பாய் விரிப்பில் மஞ்சள் கறையும் அதன் நாற்றமும் கண்டுதான் ஜம்பகம் அலறினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுக்கிறதற்கு முந்தின நாள் பழைய டாக்டர் வந்து பார்த்தாள். அன்றைக்குத்தான் ஜம்பகத்தின் வாய் திறந்தது.

"தினம் ரெண்டு வேளை பிரசாதம் எடுத்துப்பார், டாக்டர். கை நிறைய."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினாள். "ஒரு வருஷமா ஏம்மா சொல்லல?"

"அது இனிப்புல சேர்த்தி இல்லையே."

"ரத்தத்துக்கு அது தெரியாதும்மா." டாக்டர் அவருடைய மற்றக் காலைக் காட்டினாள். "இடது பாதத்துலயும் உணர்ச்சி இல்ல. இனிமே ஒரு வாய் இனிப்பு போனாலும் அந்தக் கால் என் கையில இல்ல. உங்க கையிலதான் இருக்கு."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இருந்தாலும் ஜம்பகம் செய்தாள். வீட்டுக்கு வந்ததும் வெல்லம், சர்க்கரை, கற்கண்டு, வாழைப்பழம் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டாள். தினம் காலையில் தானே இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொண்டாள். ரஞ்சிதம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தாள். "ஊசி போட்டா அரை மணிக்குள்ள துன்னே ஆவணும்மா. பட்டினி கெடந்தா சர்க்கரை ஒரேடியா கொறஞ்சி ஆளே பூடுவாரு. வேர்த்துகினு உளற ஆரம்பிச்சாருன்னா, ஒரு கை சர்க்கரைய வாயில போடு." முதல் விஷயத்தை ஜம்பகம் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது காதில் விழுந்ததோடு சரி.

ஷண்முகசுந்தரம் சுவரைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தார். மடப்பள்ளிக்கு வராதீர்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அங்கஹீனன் மடப்பள்ளிக்குள் கால் வைக்கலாமா என்று அவரே கேட்பார், அப்புறம், "எந்தக் காலை?" என்று அவரே சிரிப்பார். பிரசாதம் எடுத்துக்கொள்ளாத நாளெல்லாம் தீட்டு நாள் என்று புலம்பினார். கேப்பைக் கஞ்சியைத் துப்பினார். சாமி குத்தம் என்றார், ஜம்பகத்தின் குத்தம் என்றார். முப்பது வருஷத்தில் அவளை 'நீ' என்று அதட்டாத மனுஷன், இப்போது சனியனே என்று கூப்பிட்டார். அவளும் சமையலறையில் போய் அழுதுவிட்டு வந்து அடுத்த வேளைக் கஞ்சியை நீட்டினாள். ஒரு கால் பாக்கியிருக்கிறது, அதுதான் அவளுக்குக் கணக்கு.

கிருத்திகையன்று காலை ஊசி போட்டு, இட்லி எடுத்துவர உள்ளே திரும்பினாள். வாசலில் ஷண்முகசுந்தரத்தின் தம்பி ராகவேந்திரா. இப்போது மடப்பள்ளி அவன் கையில். முதல் கால நைவேத்தியம் முடிந்து தூக்கோடு வந்திருந்தான்.

"அண்ணாவுக்கு, மன்னி."

ஜம்பகம் நிலைப்படியில் குறுக்கே நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"வேண்டாம்."

ராகவேந்திராவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மன்னி, திருப்பி எடுத்துண்டு போகப்படாது…" என்று முனகிக்கொண்டே தூக்கை வாசல்படியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லேன்னா. இட்லி ஆறிப்போறது."

"முருகனையே வேண்டாம்னியா? அந்த வாயால என்னைச் சாப்பிடச் சொல்றயா?" தட்டு சுவரில் போய் விழுந்தது. "இனிமே உன் கையால பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்."

கெஞ்சினாள். காலைப் பிடித்தாள், அந்த ஒற்றைக் காலை. ஊசி உள்ளே போயாச்சு, ஒரு வாய், ஒரே வாய் என்று அழுதாள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். பத்து மணிக்கு அவர் நெற்றி வேர்த்தது. கை நடுங்கியது. "அடுப்பைத் தணிடா, பாகு முறியறது" என்று சுவரிடம் பேசினார். அப்போதுதான் ரஞ்சிதத்தின் இரண்டாவது பேச்சு ஞாபகம் வந்தது. சமையலறைக்கு ஓடினாள். டப்பா டப்பாவாகத் திறந்தாள். ஒரு பொட்டு சர்க்கரை இல்லை. அவள்தானே துடைத்துப் போட்டாள்! தெருவில் ஓடிப் பார்த்தாள். அத்தனை வீடும் பூட்டிக்கொண்டு மலைக்குப் போயிருந்தது. திரும்பி வரும்போது வாசல்படியில் தூக்கு.

மூடியைத் திறந்து கையால் வாரினாள். நெய் முழங்கைவரை வழிந்தது. அவர் தலையை மடியில் தூக்கி வைத்து, கன்னத்தை அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினாள். "முழுங்குங்கோன்னா, முழுங்குங்கோ." தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு கை. இன்னொன்று.

கால் மணி நேரத்தில் வேர்வை நின்றது. கண் தெளிந்தது. ஷண்முகசுந்தரம் உதட்டை நக்கிக்கொண்டார். அவளைப் பார்த்தார். எத்தனையோ மாசத்துக்கப்புறம் அவர் முகத்தில் பழைய சாந்தம் வந்திருந்தது.

"பாத்தியா ஜம்பகம்? போன உயிரைக் கொண்டுவந்துடுத்து. டாக்டருக்கு என்ன தெரியும்? பிரசாதம்தான் மருந்து."

அவள் தூக்கின் மூடியைத் தேடி எடுத்துப் போட்டாள்.

"நாளைலேருந்து தினமும் கொண்டுவரச் சொல்லு, ராகவேந்திராகிட்ட."

போர்வைக்கு வெளியே இடது பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. பிசுக்குக் கையோடு ஜம்பகம் அதைத் தொட்டுப் பார்த்தாள். அவள் தொட்டது அவருக்குத் தெரியவில்லை.

"சொல்றேன்" என்றாள்.